கால் எட்டவில்லையா? டூரிங் பைக்கின் உயரத்தைக் குறைப்பது பற்றிச் சில கேள்விகள்

என் உயரம் 5 அடி 3 அங்குலம். ஓட்டுவதெல்லாம் பெரிய டூரிங் வண்டிகள், செய்வது சஸ்பென்ஷன் வேலை. அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்வதில் ஆச்சரியமில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம். வாங்க நினைக்கும் வண்டியின் சீட் உயரம் 835 மில்லிமீட்டர். ஷோரூமில் உட்கார்ந்தால் நுனிக்கால்தான் படுகிறது. வாங்கியவுடன் இறக்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். சீட் உயரம் என்ற எண் பாதிக் கதைதான். கால் நேராகக் கீழே இறங்குவதில்லை, சீட்டின் அகலத்தைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. ஒரு டேப்பை இடப்பக்கத் தரையிலிருந்து சீட்டின் மேலாக வலப்பக்கத் தரை வரை வளைத்து அளந்து பாருங்கள். 835 உள்ள ஒல்லியான சீட்டைவிட 810 உள்ள அகலச் சீட்டில் கால் எட்டாமல் போவது உண்டு. பிஎம்டபிள்யூ தன் வண்டிகளின் விவரப் பட்டியலில் சீட் உயரத்தோடு இந்த வளைவு அளவையும் போடுவது இதனால்தான்.

அடுத்து உங்கள் எடை. உயரம் குறைந்தவர்களில் பலர் எடையும் குறைந்தவர்கள். கம்பெனி ஸ்பிரிங் உங்களைவிடக் கனமான ஆளை மனதில் வைத்துப் போட்டதாக இருந்தால், நீங்கள் உட்கார்ந்தாலும் வண்டி அமுங்கவே அமுங்காது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு முழு ரைடிங் உடையோடு உட்கார்ந்து, ஒருவரை வண்டியைப் பிடிக்கச் சொல்லி, அதே இடத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்த அசைவில் அது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைத்திருக்கும் அளவைத் தளர்த்தலாம். செலவே இல்லாமல் 10, 15 மில்லிமீட்டர் கிடைக்கும், வண்டியும் முன்பைவிட நன்றாக ஓடும். இதற்குப் பிறகும் நுனிக்கால்தான் என்றால் மற்றதைப் பேசுவோம்.

கேள்வி: பிரீலோடை முழுக்கத் தளர்த்திவிட்டேன். கால் நன்றாக எட்டுகிறது. ஆனால் மனைவியும் இரண்டு பெட்டியும் ஏறினால் வேகத்தடையில் "டங்" என்று அடிக்கிறது. ஷாக் போய்விட்டதா?

ஷாக் அப்சார்பர் பாவம், அதன் மேல் தப்பில்லை. பிரீலோட் என்பது ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றும் திருகு அல்ல, வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் மாற்றுவது. நீங்கள் ஏறும்போதே பாதி அசைவு தீர்ந்துவிடுகிறது. மீதியை மனைவியும் பெட்டியும் எடுத்துக்கொள்கிறார்கள். மேடு பள்ளத்துக்கு என்ன மிச்சம்? ஆள் ஏறும் நாளில் பிரீலோடை ஏற்றுங்கள். கையால் திருகும் குமிழ் இருந்தால் எத்தனை சுற்று என்று டேங்க் மேல் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவைப்பது என் பழக்கம்.

கேள்வி: பின்பக்க லிங்க்கை (ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் சிறு கம்பியை) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். முன்பக்கத்தைத் தொட வேண்டாமாம். சரியா?

சரியில்லை. நானே பட்டவன். முதன்முதலில் பின்பக்கத்தை மட்டும் 30 மில்லிமீட்டர் இறக்கினேன். லிங்க் நீளத்தில் சில மில்லிமீட்டர் கூடினாலே பின்பக்கம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இறங்கிவிடும், அதனால் வேலை சுலபமாக முடிந்தது. இரண்டு காலும் தரையில் பட்டதில் ஒரே சந்தோஷம். வளைவுக்குப் போனதும் வண்டி திரும்பவே யோசித்தது. முன்பக்கம் லேசாகி, ஹேண்டில் தொளதொளவென்று இருந்தது.

காரணம் சாதாரணக் கணக்கு. இரண்டு அச்சுக்கும் இடையில் 1500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 25 இறங்கினால் வண்டி முழுவதும் கிட்டத்தட்ட 1 டிகிரி பின்னால் சாய்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வும் அதே அளவு கூடுகிறது. 1 டிகிரியா என்று சிரிக்க வேண்டாம், ஹேண்டிலில் தெளிவாகத் தெரியும். ஹெட்லைட்டும் கூடவே மேலே பார்க்கும். 10 மீட்டர் தூரத்தில் 16, 17 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும், எதிரே வருகிறவர் கண் கூசித் திட்டுவார்.

அதனால் பின்பக்கம் எவ்வளவோ முன்பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு. இன்னொன்று: லிங்க் மாற்றினால் ஷாக்கின் அசைவு குறைவதில்லை, சக்கரம்தான் மட்கார்டை நோக்கி மேலே ஏறி நிற்கிறது. பெரிய பள்ளத்தில் டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று முழு அசைவுக்கும் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் உள்ள வண்டியிலும், லிங்க்கே இல்லாமல் ஷாக்கை நேராக மாட்டியிருக்கும் வண்டியிலும் இந்த வழி கிடையாது. அதற்குக் குட்டையான ஷாக்தான்.

செயின் வண்டியென்றால் செயின் தொய்வையும் புதிதாகப் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்ட அளவு பழைய உயரத்துக்கானது. முன் ஸ்பிராக்கெட், ஸ்விங்ஆர்ம் ஊசி (பின்சக்கரத்தைத் தாங்கும் கை சுழலும் இடம்), பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் அதிகமாக இறுகும். அந்த நிலையில் கொஞ்சம் தொய்வு இருந்தால் போதும்.

கேள்வி: முன்பக்கம் இறக்க ஃபோர்க் குழாயை மேலே ஏற்றினால் போதுமா? எவ்வளவு ஏற்றலாம்?

சாதாரண ஃபோர்க் என்றால் போதும். குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அவை எவ்வளவு மேலே ஏறுகிறதோ, அவ்வளவு முன்பக்கம் இறங்கும். எவ்வளவு என்பதை உங்கள் வண்டிதான் சொல்லும். ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது முன் மட்கார்டோ டயரோ ரேடியேட்டரிலும் கீழ்க் கிளாம்பிலும் இடிக்கக் கூடாது. அதைப் பார்க்காமல் 20, 25 என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு குழாயும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று வெர்னியரால் அளந்துவிட்டு, புத்தகத்தில் சொன்ன டார்க்கில் (முடுக்கும் விசையில்) போல்ட்டை முடுக்குங்கள். பலம் முழுவதையும் காட்டி முடுக்கினால் குழாய் நசுங்கி ஃபோர்க் சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஃபோர்க்குக்கு வெளியே தனியாக இருக்கும் பிஎம்டபிள்யூவின் டெலிலீவர் அமைப்பில் இந்த வித்தை செல்லாது.

கேள்வி: ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் இறங்கிவிடுமே?

வேண்டவே வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும். வெட்டின முனை தட்டையாக உட்காராமல் ஒரு பக்கமாகத் தள்ளும்.

கேள்வி: இறக்கியாயிற்று. இப்போது சைடு ஸ்டாண்டில் வண்டி நேராக நிற்கிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். மேலே சொன்ன அந்த 30 மில்லிமீட்டர் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் விட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். அந்தக் கனம் போதுமாக இருந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல், வலப்பக்கம் சாய்ந்து படுத்தது. பிரேக் லிவர் ஒடிந்தது, பெட்டி மூடி பிளந்தது.

ஸ்டாண்டை எவ்வளவு வெட்டுவது என்று மனக்கணக்குப் போடாதீர்கள். இறக்குவதற்கு முன்பே சமதரையில் சைடு ஸ்டாண்ட் போட்டு, வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று செல்போனில் உள்ள மட்டக் கருவியால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு இரண்டு சக்கரத்துக்கும் அடியில் ஒட்டுப்பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வையுங்கள், ஸ்டாண்ட் மட்டும் தரையில் இருக்கட்டும். பழைய சாய்வு எப்போது வருகிறதோ, அந்தப் பலகையின் தடிமன்தான் வெட்ட வேண்டிய அளவு. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம், சென்டர் ஸ்டாண்டும் இனி லேசில் ஏறாது. பின்சக்கரத்தை ஒரு பலகை மேல் ஏற்றிவிட்டு மிதியுங்கள்.

கேள்வி: சீட்டின் ஸ்பாஞ்ச்சைச் செதுக்குவது?

முதலில் செய்ய வேண்டியதே அதுதான். நடுவில் குழி போடாமல் முன்பக்க ஓரங்களைச் செதுக்கச் சொல்லுங்கள், தொடை உள்ளே வரும். முட்டி கூடுதலாக மடங்கும், நீண்ட ஓட்டத்தில் அது தெரியும்.

கேள்வி: என் வண்டியில் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன். லிங்க் மாற்றலாமா?

பின்பக்க உயரத்தைப் பார்க்கும் சென்சார் இருந்தால் யோசியுங்கள். இறங்கிய வண்டியைப் பாரம் ஏறிய வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும். கம்பெனியே தாழ்வான சஸ்பென்ஷன் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். இப்போது நிற்கும்போது தானாக இறங்கும் வண்டிகளும் வந்துவிட்டன. 2021இல் ஹார்லியின் பான் அமெரிக்கா இதைக் கொண்டுவந்தது, பிறகு பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்ஸிலும் வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கேள்வி: அண்ணா, சிக்னலில் இரண்டு காலையும் நுனியில் ஊன்றி நிற்கும்போது வண்டி ஆடுகிறது. வீட்டில் வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள். எவ்வளவு இறக்கினால் சரியாகும்?

எதையும் இறக்காமல் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். நிற்கப் போகும்போது கடைசி இரண்டு மீட்டரில் முன் பிரேக்கை விட்டு, வலக்காலால் பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும், திரும்பிய ஹேண்டிலில் முன் பிரேக்கைப் பிடித்ததுதான் நான் பார்த்த விழுதல்களில் பாதிக்குக் காரணம். சீட்டில் இடப்பக்கமாக ஒரு கையகலம் நகர்ந்து இடக்காலை மட்டும் ஊன்றுங்கள். நுனிக்கால் பட்ட இடத்தில் முழுப் பாதமும் படும். வண்டியின் கனம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதால் ஆட்டமும் இருக்காது. இடப்பக்கம் சரிவோ சரளையோ இருந்தால் ஒரு வண்டி நீளம் முன்னாலேயே நின்றுவிடுங்கள். முதலில் பெட்டிகள் இல்லாமல், காலி மைதானத்தில் ஐம்பது தடவை. அதற்குப் பிறகும் ஆடினால் எழுதுங்கள், சேக் அளவையும் சேர்த்து.