முதல் மூன்று நாள் சும்மா இருங்கள்

வீட்டுப் பிராணிகள்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹாம்ஸ்டர் என்ற எலி மாதிரியான குட்டிப் பிராணியைப் பற்றித்தான். பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்று நாட்காட்டி பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ஒரு கால்நடை கிளினிக்கில் 19 ஆண்டுகள் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தவள். மருந்து எழுதித் தரமாட்டேன். ஆனால் யார் எந்தப் பிராணியை வாங்கி எத்தனையாவது நாள் போன் செய்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

*அக்கா, நாங்கள் பதினோராவது மாடியில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளுக்கு வரும் சனிக்கிழமை ஹாம்ஸ்டர் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கடையில் கூண்டு, சக்கரம் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருகிறார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும்?*
*ஓர் அம்மா, செந்தூல்*

சனிக்கிழமை போய்க் கூண்டை மட்டும் வாங்கி வாருங்கள். ஹாம்ஸ்டர் அடுத்த சனிக்கிழமை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பரவாயில்லை. வீடு கட்டாமல் யாராவது குடிபுகுவார்களா?

அந்தச் செட்டு வேண்டாம். பார்க்க வண்ணவண்ணமாக இருக்கும். உள்ளே ஒரு ஜாண் இடம்கூட இருக்காது. துணிமணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்குங்கள். நீளம் 80 செ.மீ.க்குக் குறையக்கூடாது, ஒரு மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வலை பொருத்தச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேர வேலை. சக்கரம் தனியாக வாங்குங்கள். குள்ள வகைக்கு 20 செ.மீ., சிரியன் வகைக்கு 28 செ.மீ. விட்டம். ஓடும்போது முதுகு வளையக்கூடாது, அதுதான் கணக்கு. கம்பிகம்பியாக இருக்கும் சக்கரத்தில் கால் சிக்கி முறிந்த கதைகளைப் போனில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ஓடும் பரப்பு மூடியதாக இருக்கட்டும். கீழே பரப்ப வாசனை போடாத காகிதத் துகள் நல்லது. தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம், அந்த நெடி மூச்சுக்கு ஆகாது. பஞ்சு மாதிரி விற்பதும் வேண்டாம், விரலில் சுற்றிக்கொள்ளும்.

துகளை எவ்வளவு போடுவது? கடையில் இரண்டு விரல் உயரம் போதும் என்பார்கள். நான் ஒரு சாண் என்பேன். காரணம் இருக்கிறது. 1930-இல் சிரியாவில், அலெப்போ நகருக்குப் பக்கத்து வயல் ஒன்றில் ஆழமான வளையைத் தோண்டி ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார்கள். இன்று உலகமெங்கும் வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் அநேகமாக அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். அந்த ஊரின் வெயிலை அது தாங்கியது என்று நினைக்காதீர்கள். உச்சி வெயிலில் மண்ணுக்கடியில் குளிர்ச்சியாக இருந்துவிட்டு, வெயில் தணிந்த நேரத்தில்தான் வெளியே வந்தது. தோண்ட முடியாத கூண்டில் விட்டால் அது கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். பசி என்று நினைத்து நீங்கள் இன்னும் கொஞ்சம் தீனி போடுவீர்கள்.

கூண்டை எங்கே வைப்பது என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மகன் ஆண்டு 4 படித்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஹாம்ஸ்டருக்குக் கச்சாங் என்று பெயர். வேர்க்கடலை நிறம். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கூண்டை வைத்தேன். காலை ஏழு மணிக்கு அங்கே நல்ல நிழல், காற்று வேறு. நான் வீட்டில் இருந்தது அந்த ஏழு மணிக்கு மட்டும்தானே! பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு வெயில் நேராக அதே இடத்தில் விழும் என்பது, அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. மாலை வந்து பார்த்தபோது வயிறு தரையோடு ஒட்டி, நான்கு கால்களும் நான்கு பக்கம் பரப்பிக் கிடந்தது. தாடைக்குக் கீழே ரோமம் நனைந்திருந்தது. தண்ணீர்ப் புட்டி நிறைய இருந்தது. பிராணி கிளினிக்கில் வேலை பார்ப்பவள் வீட்டில் நடந்தது இது. அன்று இரவே போய்விட்டது. மகன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஆகவே ஒரு வாரம் காலி கூண்டை வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்து, மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: காலை, மதியம், மூன்று மணி, இரவு. அவளுக்குக் கொடுக்கிற முதல் வேலை அதுதான். ஹாம்ஸ்டருக்குச் சுகமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி வரை. நம் வீடுகளில் மதியம் 31, 32 சாதாரணம். வீட்டில் வெப்பம் ஏறாத மூலையைக் கண்டுபிடித்து அங்கே வையுங்கள். வீட்டுக்கு டைல்ஸ் போட்டபோது மிஞ்சியது ஒன்று இருந்தால் உள்ளே போடுங்கள், அதன் மேல் வந்து படுத்துக்கொள்ளும். தண்ணீரை உறைய வைத்த புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கமாகச் சாய்த்து வைக்கலாம். விசிறியை நேராகத் திருப்பாதீர்கள். நமக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டால் குளிர்கிறது. அதற்கு வியர்க்காது.

சரி, அடுத்த சனிக்கிழமை. சாயங்காலமாகப் போங்கள். பகலில் எல்லாம் தூங்கும், எது சுறுசுறுப்பு, எது நோஞ்சான் என்று தெரியாது. கண் பளிச்சென்று இருக்கிறதா, பின்பக்கம் காய்ந்து சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் போடும்போது அதன் பழைய துகளில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள், புது வீட்டில் பழைய வாசனை இருக்கட்டும். வழியில் எங்கும் சாப்பிட நிறுத்தவேண்டாம். நிறுத்திய காருக்குள் அதை விடவே விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கூண்டில் விட்டு, தண்ணீர், தீனி வைத்து, மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூன்று நாள் தொடக்கூடாது. தூக்கக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டக்கூடாது. தீனியும் தண்ணீரும் மாற்ற மட்டும் கையை விடுங்கள். எனக்கு வந்த போன்களில் பாதி, முதல் நாளே தூக்கி, கடி வாங்கி, கையை உதறி, அது கீழே விழுந்த கேஸ்தான். கண் பார்வை அதற்கு மட்டம், உயரம் தெரியாது. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து.

நான்காம் நாள் இரவு மகள் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையோடு கையைக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கட்டும். முதலில் மூக்கு வரும். அப்புறம் மீசை. விதையை எடுத்துக் கன்னப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடும். அன்றைக்கு அவ்வளவுதான். ஏழெட்டு நாளில் முன்னங்கால் இரண்டையும் விரல் மேல் வைத்து ஏறும். அந்தப் பாரம் ஒரு கைக்குட்டை அளவுகூட இருக்காது.

இன்னொன்று. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்பதரைக்குத் தூங்கும். ஹாம்ஸ்டர் அப்போதுதான் எழுந்து கொட்டாவி விடும். ஆகவே இது உங்கள் ஹாம்ஸ்டர் அம்மா, இரண்டு, இரண்டரை வருஷத்துக்கு.

*பசார் மாலாம் இரவுச் சந்தையில் இரண்டு வாங்கினேன். அண்ணன் தங்கை, ஒன்றாகவே இருக்கும் என்றார் கடைக்காரர். இரண்டு மாதம் நன்றாக இருந்தன. நேற்று ஒன்றின் காதில் ரத்தம்.*
*வாசகர், கெப்போங்*

இதைப் படித்து முடிக்கும் முன் எழுந்து போய்ப் பிரித்துவிடுங்கள். சிரியன் வகையாக இருந்தால் வளர்ந்தபிறகு ஒரு கூண்டுக்கு ஒன்று, பேச்சே இல்லை. குள்ள வகைகள் சில நேரம் ஒத்துப்போகும், சில நேரம் ஒரே ராத்திரியில் முறைத்துக்கொள்ளும். நான் எப்போதும் தனித்தனி கட்சிதான். தனியாக இருந்தால் பாவம் என்பது நம் கூட்டுக்குடும்பப் பாசம்.

அண்ணன் தங்கை என்று சொன்னாரே, அதைத்தான் யோசிக்கிறேன். சிரியன் 16 நாளில் குட்டி போடும், குள்ள வகைக்கு மூன்று வாரம் பிடிக்கும். பிரித்த நாளைக் குறித்து வையுங்கள். குட்டிகள் வந்துவிட்டால் இரண்டு வாரத்துக்குக் கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள், குட்டியைத் தொடாதீர்கள். பயந்த தாய் குட்டியைத் தின்றுவிடும்.

*‘விண்டர் ஒயிட்’ என்று பெயர் சொல்லி விற்றார்கள். ஒரு வருஷமாகச் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?*
*மாணவி, பிரிக்பீல்ட்ஸ்*

இல்லை தங்கச்சி. சைபீரியாப் பக்கத்தில் குளிர்காலத்தில் பகல் சுருங்கும்போதுதான் அது வெள்ளை ரோமத்துக்கு மாறும். குளிரைவிட வெளிச்சத்தின் அளவுதான் அதற்கு நாட்காட்டி. கோலாலம்பூரில் வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பாவம், அது இன்னும் டிசம்பருக்காகக் காத்திருக்கிறது.

*என் மாமியார், “பொறி வைத்து எலி பிடிக்கிற வீட்டில் எலிக்குச் சோறா? எலிக்காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது?” என்கிறார். என்ன பதில் சொல்வது?*
*வாசகி, பத்துமலை*

முதல் கேள்விக்கு, மூஞ்சூறுக்குத் தினமும் பூ வைக்கிறோமே அத்தை என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை.

இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆனால் நோயின் பாதையை அத்தை திருப்பிப் போட்டுவிட்டார். சுத்தமான கூண்டில், வீட்டுக்குள்ளேயே வளரும் ஹாம்ஸ்டரிடமிருந்து அது வருவது அபூர்வம். சாக்கடை எலியின் சிறுநீர் பட்டால் ஹாம்ஸ்டருக்கும் அந்தக் காய்ச்சல் வரும், கடுமையாகவே வரும். ஆகவே தீனியை மூடி போட்ட டின்னில் வையுங்கள், கூண்டை ஐந்தடி வாசலில் வைக்காதீர்கள், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை சாம்பிராணியை ஹாம்ஸ்டர் இருக்கும் அறைக்குக் கொண்டுபோகவேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டெங்கிக்குப் புகையடிக்க வரும் நாளில் ஜன்னலை மூடிவிட்டுக் கூண்டை உள்ளறைக்கு மாற்றுங்கள்.

*குளிப்பாட்டலாமா?*
*ஆண்டு 5 மாணவன், ராவாங்*

தண்ணீரில் வேண்டாம் தம்பி. ஒரு கிண்ணத்தில் சுத்தமான மணல் வை, அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும். மாவு மாதிரி நைஸான தூள் வேண்டாம், மூச்சுக்குள் போய்விடும்.

*வாங்கி ஐந்து நாள். சாப்பிடவில்லை, வால் பக்கம் நனைந்து நாற்றம் அடிக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கரைத்துக் கொடுக்கலாமா?*
*வாசகர், காஜாங்*

இந்தக் கடிதம் என் கைக்கு வரவே எட்டு நாள் ஆகியிருக்கிறது. உங்கள் ஹாம்ஸ்டருக்கு இந்தப் பதில் உதவாது என்று நினைக்கிறேன், மன்னியுங்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஈரவால் என்கிற இந்த வயிற்றுப்போக்கு, புதிதாக இடம் மாறிய குட்டிகளுக்கு, அதுவும் சிரியன் குட்டிகளுக்கு, அதிர்ச்சியிலும் அலைச்சலிலும் வரும். இரண்டு நாளில் ஆளைத் தீர்த்துவிடும். காலையில் பார்த்தால் காலையிலேயே போகவேண்டும். வீட்டு மருந்து கூடவே கூடாது. அமோக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகைகள் ஹாம்ஸ்டரின் குடலையே கெடுத்துக் கொன்றுவிடும். எல்லாக் கிளினிக்கிலும் சிறு பிராணிகளைப் பார்க்கமாட்டார்கள், போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் பக்கத்தில் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நோய் வந்தபிறகு தேடாமல், வாங்குகிற அன்றே எண்ணை எழுதிக் கூண்டில் ஒட்டுங்கள்.

*தீபாவளிக்கு ஐந்து நாள் சுங்கை சிப்புட் போகிறோம். ஹாம்ஸ்டரைக் கூட்டிப் போகலாமா?*
*குடும்பத்தலைவர், செலாயாங்*

நெடுஞ்சாலை நெரிசல், பட்டாசு, வீடு நிறையப் பிள்ளைகள்: வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும், யாராவது தினமும் ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றினால் போதும். தீனி அளவைக் காகிதத்தில் எழுதி, கரண்டியையும் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். குள்ள வகைக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி, சிரியனுக்கு ஒரு மேசைக்கரண்டி.

நான் ஒரு தீபாவளிக்கு எழுதி வைக்காமல் போனேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, தங்கமான மனுஷி, தட்டு காலியாகிவிட்டதே என்று தினமும் மூன்று தடவை நிரப்பியிருக்கிறார். எங்களவரும் மூன்று தடவையும் கன்னப்பையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறார். ஐந்தாம் நாள் வந்து அவருடைய தூங்கும் குடிசையைத் தூக்கிப் பார்த்தேன்: உள்ளே கூரை வரைக்கும் சூரியகாந்தி விதை. அவர் வெளியே, மிச்சமிருந்த டைல்ஸின் மேல் படுத்திருந்தார்.