பழைய பாய்மரப் படகுக்குப் புதிய சைலன்சர்

கேள்வி: 1984-இல் கட்டப்பட்ட எங்கள் பாய்மரப் படகின் டீசல் என்ஜினுக்குரிய எஃகு சைலன்சர் அரித்து ஒழுகுகிறது. பற்றவைத்தால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றிவிடுங்கள். சூடான புகையும் உப்புநீரும் கலந்து செல்லும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுகூட உள்ளிருந்தே அரிக்கப்படுவதால், ஒட்டுப்போட்ட இடத்துக்கு அருகிலேயே அடுத்த ஓட்டை விழும்; அதன் வழியே தண்ணீரோடு கார்பன் மோனாக்சைடும் படகின் அறைக்குள் வரக்கூடும் என்பதுதான் பெரிய ஆபத்து. கண்ணாடியிழை சைலன்சர் அரிக்காது. ஆனால் குளிர்விக்கும் நீர் நின்றுபோனால் கருகிவிடும் என்பதால் வெப்ப எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பொருத்துங்கள்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். என்ஜினை நிறுத்தியதும் புகைக்குழாயில் ஏறிநின்ற நீர் சைலன்சருக்கே திரும்பி இறங்கும். அதைக் கொள்ள இடமில்லையெனில் நீர் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். ஆகவே பழையதன் அளவை அப்படியே நம்பாமல், குழாயின் கொள்ளளவைக் கணக்கிட்டு வாங்கி, புகையோடு குளிர்விக்கும் நீர் கலக்கும் வளைகுழாயைவிட முடிந்தால் 30 சென்டிமீட்டர் தாழ்வாக அமையுங்கள். (பழைய படகுகளில் அந்த இடம் கிடைப்பதே பெரும்பாடு.) அந்த வளைகுழாயையும் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் கரி அடைத்திருக்கும். ரப்பர் குழாயின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்புகள் தேவை. என்ஜின் கிளம்பாமல் நீண்ட நேரம் சுழற்ற நேர்ந்தால், சைலன்சர் நீரால் நிரம்பிவிடாதபடி, குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடிவைத்து, கிளம்பிய உடனே திறந்துவிடுங்கள்.