இறங்க ஒப்புக்கொண்டார் என்பதற்காக

அன்புள்ள ஐயா,

மேடவாக்கம் பக்கத்தில் 24 வீடுகள் உள்ள குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. லாரி வந்து செப்டிக் டேங்க்கை இழுத்துவிட்டுப் போனாலும் பத்து நாளில் மறுபடி வழிகிறது. அடியில் சேறு இறுகிவிட்டதாம், ஆள் இறங்கி அள்ளினால்தான் தீருமாம். லாரியோடு வரும் இருவரில் ஒருவர் தானே இறங்குகிறேன் என்கிறார். கூடுதலாக 2,000 ரூபாய் கேட்கிறார். நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. கையுறை, மாஸ்க், சாப்பாடு, புதுத் துணி எல்லாம் தருவதாக இருக்கிறோம். மரியாதையாகத்தான் நடத்துகிறோம். இதில் தவறு உண்டா? ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.

எஸ். கே.

அன்புள்ள எஸ். கே.,

தவறு உண்டு. அவரை இறக்காதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தீர்களே, அதற்கு நன்றி. பல இடங்களில் யாரும் கேட்பதே இல்லை.

அந்தத் தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காயவிட்டாலும், சேற்றுக்குள் அடைபட்டிருப்பது வெளியே வராது. இறங்கியவர் கால் வைத்துக் கலக்கும்போதுதான், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோல மொத்தமாகக் கிளம்பும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவிலேயே மூக்கு மரத்துவிடும். ‘இப்போ நாத்தம் குறைஞ்சிருக்கு’ என்று அவர் சொல்லும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். ஆயிரம் பங்கைத் தொட்டால் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். நீங்கள் வாங்கித் தரும் மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். மீத்தேனும் உள்ளே இருக்கிறது, தீப்பிடிக்கும். ஒருவர் விழுந்தால் தூக்குவதற்கு இன்னொருவர் இறங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

அவர் சம்மதித்தார் என்பது வாயுவுக்கும் தெரியாது, சட்டமும் அதை ஏற்காது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்கினால், முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. இது உள்ளாட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமல்ல, உங்கள் சங்கத்துக்கும் பொருந்தும். பாதாளச் சாக்கடைச் சாவுகளுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அதற்கு முன் அது 10 லட்சம்.

இனி உங்கள் டேங்க். அவர் இறங்கி அள்ளினாலும் உங்கள் பிரச்சினை தீராது என்றே நினைக்கிறேன். செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். 24 வீட்டில் 90 பேர் என்று வைத்தால், கழிப்பறைத் தண்ணீர் மட்டுமே ஒரு நாளைக்கு 4,000 லிட்டர் வரும். உங்கள் தொட்டி 16,000 லிட்டர் என்று வைத்தால், அதை முழுக்க இழுத்தாலும் நாலு நாளில் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். பத்து நாளில் வழிகிறது என்றால் வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. ஒன்று, வெளிவாயில் உள்ள ‘டி’ (T) வடிவக் குழாயில் துணியோ நாப்கினோ சிக்கியிருக்கும். அல்லது சேறு தாண்டிப் போய், தொட்டித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியின் மண்ணை அடைத்திருக்கும். ‘டி’ அடைப்பை வெளியே நின்றே ராடு விட்டு எடுக்கலாம். குழிதான் காரணம் என்றால் அதையும் ஆள் விட்டுத் தோண்டாதீர்கள். பக்கத்தில் புதுக் குழி போட்டுக் குழாயை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

சேறு ஏன் இறுகியது? கணக்குப் பாருங்கள். உங்களுக்கு வரும் லாரி 6,000 லிட்டர் பிடிக்கும் என்றால், 16,000 லிட்டர் தொட்டிக்கு மூன்று லோடு வேண்டும். சங்கங்கள் ஒரு லோடுக்குத்தான் பணம் கொடுக்கும். லாரி மேல் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும். கசடு அப்படியே கிடக்கும், ஆண்டாண்டாக இறுகும். கடைசியில் ஒரு மனிதர் இறங்க வேண்டிய நிலை வருவது, நாம் மிச்சம் பிடித்த அந்த இரண்டு லோடால்தான்.

செய்ய வேண்டியது இது. தண்ணீரை முதலில் இழுத்துவிடாதீர்கள், கரைக்க அது வேண்டும். வெளியே நின்று, தண்ணீர்மேல் மிதந்து இறுகிய ஏட்டை நீளக் கழியால் உடைக்கச் சொல்லுங்கள். குனிந்து உள்ளே தலையை நீட்டக் கூடாது. லாரிக் குழாயின் நுனி தொட்டியின் அடியைத் தொட வேண்டும். கசடு வராவிட்டால் ஜெட்டிங் வண்டியைக் கூப்பிட்டு அழுத்தத் தண்ணீரால் உடைக்க வேண்டும். ஜெட்டிங் வண்டி கிடைக்காவிட்டால், இழுத்ததில் பாதியைத் திரும்ப வேகமாகத் தொட்டிக்குள்ளேயே விட்டுக் கலக்கி மறுபடி இழுக்கலாம். ஒரே நாளில் முடியாமல் போனால் இரவு ஊறவிட்டு மறுநாள் தொடரட்டும். இரண்டு அறை இருந்தால் இரண்டையும் இழுக்க வேண்டும். அடியில் ஓரிரு அங்குலக் கசடு இருக்கட்டும், நுண்ணுயிர்களுக்கு அது வேண்டும். ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஆசிட் பட்டால் அந்த விஷ வாயு இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

ஒரு சின்ன வேலையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். லாரிக் குழாய் 3 அல்லது 4 அங்குலம்தான். ஒவ்வொரு அறையின் ஸ்லாப்பிலும் 8 அங்குலத் துளை போட்டு, பி.வி.சி. குழாய்த்துண்டு வைத்துத் திருகு மூடி போட்டுவிடுங்கள். குழாய் நுழையும், ஆள் நுழைய முடியாது. பெரிய மூடியைப் பூட்டி வைக்கலாம். அதன்பின் இறங்குவதா வேண்டாமா என்ற பேச்சே எழாது.

மரியாதையாக நடத்துகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். உங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பார்க்க வருபவரை எப்படி நடத்துகிறீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். நாற்காலி போடுவார்கள், காபி வரும், ரசீது வரும். லிஃப்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது, ஜெனரேட்டருக்கும் இருக்கிறது. டேங்க்குக்கு பட்ஜெட்டில் ஒரு வரிகூட இருக்காது, வழிந்தபின் அவசரமாக ஆள் தேடுவோம். எனக்குச் சங்கடமாக இருப்பது இந்த வித்தியாசம்தான். புதுத் துணி அதைச் சரிசெய்யாது. வருபவரின் பெயரைக் கேளுங்கள், ‘வாங்க’ என்று கூப்பிடுங்கள். சோப்பும் குழாயும் முதலிலேயே காட்டிவிடுங்கள், எட்ட நின்று தண்ணீர் ஊற்ற வேண்டாம். உங்கள் வீட்டு டம்ளரிலேயே குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பணத்தைச் சுவர்மேல் வைக்காமல் கையில் கொடுங்கள். வேலை நடக்கும்போது யாரும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாப்கினும் டயப்பரும் கழிப்பறைக்குள் போகக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். அவை இன்னொருவர் கையால்தான் வெளியே வருகின்றன.

மூன்று லோடு, ஜெட்டிங், துளை எல்லாம் சேர்த்தால் இப்போது செலவு கூடுதலாகத்தான் இருக்கும். 24 வீட்டுக்குப் பிரித்துப் பாருங்கள். பிறகு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாக இழுத்தால் போதும். லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் பெற்ற வண்டி வேண்டுமென்றால் 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

அந்த 2,000 ரூபாய் அவருக்குத் தேவைப்படுகிறது, அதனால்தான் இறங்குகிறேன் என்கிறார். நீங்கள் வேண்டாம் என்றால் நஷ்டம் அவருக்குத்தான், அதை அவர் தலையில் கட்டக் கூடாது. மேலே நின்று கழி பிடிக்கவும் குழாய் நகர்த்தவும் ஆள் வேண்டும், மூன்று லோடு முடிய நாள் முழுக்க ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் போன் செய்து, உள்ளே இறங்கும் வேலை இல்லை, பேசிய 2,000 அப்படியே உண்டு என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.