விளக்கு எரிகிறது, இணைப்பு இல்லை: நெட்வொர்க் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே ஒரு சுவிட்ச். எதிர்ப்பக்கக் கேபிளைப் பிடுங்கினாலும் எங்கள் இன்டர்ஃபேஸ் 'அப்' என்றே நிற்கிறது. மாற்று வழி இருந்தும் ட்ராஃபிக் அரை நிமிடத்துக்கு மேல் தொலைகிறது. ஏன்?

பதில்: அந்த 'அப்' உங்கள் போர்ட்டுக்கும் சுவிட்சுக்கும் இடையிலான சிக்னலை மட்டும் சொல்கிறது. சுவிட்சுக்கு அப்பால் என்ன நடந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே அண்டை ரூட்டர் போய்விட்டதை, ரூட்டர்கள் பாதைத் தகவலைப் பரிமாறும் ரூட்டிங் புரோட்டோகால்தான் கண்டுபிடித்தாக வேண்டும். ஈதர்நெட்டில் ஓஎஸ்பிஎஃப் என்ற புரோட்டோகால் வழக்கமாக 10 நொடிக்கு ஒரு ஹலோ ('இருக்கிறேன்' என்னும் சிறு செய்தி) அனுப்பும். ஹலோ வராவிட்டால் அண்டை செத்ததாகக் கணக்கிடக் காத்திருக்கும் நேரமான டெட் டைமர் 40 நொடி. கடைசி ஹலோ வந்த கணத்தைப் பொறுத்து 30 முதல் 40 நொடி வரை ட்ராஃபிக் பாழ். பிஜிபி என்ற மற்றொரு புரோட்டோகால் மட்டும் ஓடினால் இன்னும் மோசம்: பல கருவிகளில் இதே காத்திருப்பான ஹோல்ட் டைம் 180 நொடி.

நடுவில் எதுவும் இல்லாத நேரடி ஃபைபரில் இந்தத் தொல்லை குறைவு. ஒளி நின்றதும் போர்ட் விழும். 10 கிகாபிட் ஈதர்நெட்டில் ஒரே ஒரு இழை அறுந்தாலும், ஒளியை இழந்த பக்கம் மறுபக்கத்துக்கு 'ரிமோட் ஃபால்ட்' அனுப்பிவிடும்.

கேள்வி: ஹலோவை 1 நொடியாகக் குறைத்தால் போதாதா?

பதில்: டெட் டைமர் 4 நொடிக்கு இறங்கும், அவ்வளவுதான். பல ரூட்டர்களில் ஹலோவைக் கவனிப்பதும் ரூட் கணக்கிடுவதும் ஒரே சிபியு. அது திணறும் நேரத்தில் நல்ல இணைப்பும் செத்ததாகக் கணக்காகிவிடும். இந்த வேலைக்கென்றே வந்தது பிஎஃப்டி: இரு ரூட்டர்களும் சிறு பாக்கெட்டுகளை வேகமாகப் பரிமாறி, பாதை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் புரோட்டோகால். 2010-இல் ஆர்எஃப்சி 5880 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. இரு ரூட்டர்களுக்கு இடையிலான ஒரே பிஎஃப்டி செஷன் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய பாதை) எல்லாவற்றுக்கும் தகவல் சொல்லும்.

கேள்வி: பிஎஃப்டியில் பாக்கெட் இடைவெளி 50 மில்லிநொடி, மல்டிபிளையர் (தொடர்ந்து எத்தனை பாக்கெட் வராவிட்டால் செஷன் விழும் என்ற எண்) 3 என்று அமைத்தோம். 150 மில்லிநொடியில் விழ வேண்டியது, ஒரு பக்கம் 900 எடுக்கிறது.

பதில்: உங்கள் 50 ஒரு விருப்பம் மட்டுமே, அண்டை ரூட்டர் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். 'இந்த இடைவெளியில் அனுப்ப விரும்புகிறேன்', 'இதைவிட வேகமாக வந்தால் வாங்க முடியாது' என இரண்டு எண்களை ஒவ்வொரு ரூட்டரும் அறிவிக்கிறது. ஒருவர் அனுப்ப விரும்புவது, மற்றவர் வாங்க முடிவது - இந்த இரண்டில் பெரியதே அந்தத் திசையின் இடைவெளி. அதை, அனுப்புபவரின் மல்டிபிளையரால் பெருக்குங்கள்.

நீங்கள் அனுப்புவது 50, வாங்குவது 50; அண்டை ரூட்டர் அனுப்புவது 300, வாங்குவது 50; இரு பக்கமும் மல்டிபிளையர் 3 என்று வைப்போம். உங்கள் பாக்கெட்டுகள் நின்றால் அவர் 150 மில்லிநொடியில் அறிவார். அவருடையவை நின்றால் உங்களுக்கு 900 மில்லிநொடி ஆகும். திசைக்கு ஒரு கணக்கு. உள்ளிட்ட எண்களை விட்டுவிட்டு, செஷன் விவரத்தில் 'நெகோஷியேட்டட்' என்று காட்டும் எண்ணைப் பாருங்கள்.

செஷன் 'அப்' ஆகும்வரை 1 நொடிக்குக் குறையாத இடைவெளியில்தான் பாக்கெட்டுகள் போகும். தொடக்கம் மெதுவாக இருப்பது கோளாறு அல்ல. எழவே இல்லையென்றால் ஆக்சஸ் லிஸ்ட்டில் (எந்தப் பாக்கெட்டை விடுவது என்ற விதிப் பட்டியல்) யுடிபி போர்ட் 3784 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரடி அண்டைகளுக்கான செஷனில் டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 255 ஆகவே வந்து சேர வேண்டும். நடுவில் ஏதாவது ஒன்று ரூட் செய்து 254 ஆக்கினால் பாக்கெட் குப்பைக்குப் போகும்.

கேள்வி: செஷன் அடிக்கடி விழுந்து எழுகிறது. கேபிளில் பிழை எதுவும் இல்லை.

பதில்: இரு பக்கமும் செஷன் விழுந்த காரணத்தைச் சொல்லும் டயக்னாஸ்டிக் கோடைப் பாருங்கள். 1 என்றால் அந்த ரூட்டருக்குக் குறித்த நேரத்தில் பாக்கெட் வரவில்லை. 3 என்றால் அண்டை சொல்லி அது செஷனை இறக்கியது. எனவே 1 காட்டும் ரூட்டரை நோக்கி வரும் திசையில்தான் தேட வேண்டும். இது தெரியாமல் இரண்டு பக்கமும் கேபிள் மாற்றுகிறவர்கள் ஏராளம். அடுத்து, பிஎஃப்டியை லைன் கார்டு (போர்ட்டுகள் இருக்கும் அட்டை) கவனிக்கிறதா, சிபியுவா என்று பாருங்கள். சிபியு என்றால் 50 மில்லிநொடி பேராசை. 300 × 3 வைத்து நிம்மதியாக இருக்கலாம். நெரிசலில் பிஎஃப்டிக்கு முன்னுரிமை க்யூ கிடைக்கிறதா, சிபியுவைக் காக்கும் போலீசிங் (அளவுக்கு மீறிய பாக்கெட்டைத் தள்ளிவிடும் கட்டுப்பாடு) அதை வெட்டுகிறதா என்பதும் முக்கியம்.

கேள்வி: நான்கு கேபிள்களை ஒரே பண்டிலாகக் கட்டியிருக்கிறோம். ஒன்று கெட்டும் பிஎஃப்டி அசையவில்லை.

பதில்: சாதாரண செஷனின் பாக்கெட்டுகள் ஹாஷ் (முகவரி, போர்ட் எண்களை வைத்துக் கேபிளைத் தீர்மானிக்கும் கணக்கு) தேர்ந்தெடுத்த ஒரு கேபிளிலேயே போகும், மற்ற மூன்றைப் பற்றி அதற்குத் தெரியாது. கேபிளுக்கு ஒரு செஷன் நடத்தும் மைக்ரோ பிஎஃப்டி வேண்டும் - ஆர்எஃப்சி 7130, யுடிபி போர்ட் 6784. இரு பக்கக் கருவிகளும் அதை ஆதரிக்க வேண்டும்.

கேள்வி: பிஎஃப்டி 'அப்'. பிங் போகிறது. பெரிய ஃபைல்கள் மட்டும் நின்றுவிடுகின்றன.

பதில்: பிஎஃப்டியின் கண்ட்ரோல் பாக்கெட் வெறும் 24 பைட், யுடிபி, ஐபி ஹெடர்கள் சேர்ந்தாலும் ஐபிவி4-இல் 52 தான். எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு) குறைந்த பாதையிலும் அது நுழைந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1,472 பைட் பிங் அனுப்புங்கள். ஹெடர்களோடு சரியாக 1,500 வரும். அது போகாவிட்டால் நடுவிலுள்ள சுவிட்சின் எம்டியுவிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.