டிசம்பர் லீவுல லாஸ்ட் கோஸ்ட் டிரெயில் போகலாமா?

வட கலிஃபோர்னியாவுல கடற்கரையோரமா போற நடைபாதைதான் லாஸ்ட் கோஸ்ட் டிரெயில். "கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் லீவு இருக்கு, கூட்டமும் இருக்காது, டைட் டேபிள் (கடல் எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு சொல்ற அட்டவணை) பாத்துக்கிட்டா போதும்தானே"ன்னு கேட்டிருக்கீங்க. நீங்களும் என்னை மாதிரி சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவுல வேலை பாக்குறவராத்தான் இருக்கணும், ஏன்னா அச்சு அசலா இதே கணக்கைப் போட்டுட்டுத்தான் நானும் போனேன்.

டைட் டேபிள் வேணாம்னு நான் சொல்லல. மட்டோல் பீச்ல இருந்து பிளாக் சாண்ட்ஸ் பீச் வரைக்கும் கிட்டத்தட்ட 25 மைல், அதுல சீ லயன் கல்ச்ல இருந்து ராண்டல் க்ரீக் (க்ரீக்னா ஓடை) வரை ஒண்ணு, மில்லர் ஃபிளாட்ல இருந்து கிட்செல் க்ரீக் வரை ஒண்ணுன்னு ரெண்டு இடம் ஹை டைட்ல அலை பாறையோட வந்து அடிக்கும், நடக்க வழியே இருக்காது. குளிர்காலத்துல நல்லா இறங்குற லோ டைட் பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் வரும், அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், அதனால நடக்கக் கிடைக்கிற நேரமே கொஞ்சம். ஆனா கடலுக்காவது டேபிள் இருக்குங்க, ஓடைக்கு எங்க இருக்கு?

நாங்க மூணு பேரும் முதல் நாள் பழைய புன்டா கோர்டா லைட்ஹவுஸ் பக்கம் தங்கி, ரெண்டாம் நாள் பிக் க்ரீக்கைத் தாண்டி, பிக் ஃபிளாட் க்ரீக்குக்கு இந்தப் பக்கம் டென்ட் போட்டோம். ராத்திரி பூரா மழை. காலைல பாத்தா முன்னாடி இருக்கிற ஓடை செம்மண் கலர்ல பாறைய உருட்டிட்டு ஓடுது, திரும்பிப் போலாம்னு பாத்தா முந்தின நாள் முழங்காலுக்குக் கீழ தாண்டி வந்த பிக் க்ரீக்கும் அதே கதி. பாலம் கிடையாது, செல் சிக்னல் கிடையாது. பக்கத்துல இருக்கிற கிங் பீக் மலை 4,088 அடி உயரம், கடல்ல இருந்து மூணே மைல் தூரம், அங்க கொட்டுற தண்ணி அப்படியே சரிஞ்சு இறங்குது, வேற எங்க போகும்? ஹைவே 1 கூட அந்த மலைக்கு முன்னாடியே கடலை விட்டு உள்ள திரும்பிடுது.

மச்சான் கயிறு கட்டித் தாண்டிடலாம்னு நின்னார். நான் முடியாதுன்னுட்டேன். செங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவன் நான், தண்ணி கலங்கி சருகும் குச்சியும் வந்தா ஆத்துல நிக்காதேன்னு எங்க ஆச்சி சொல்லிச் சொல்லி வளர்த்தது. பயந்தாங்கொள்ளின்னு கமெண்ட்ல எழுதுறவங்க எழுதிக்கோங்க, இழுத்துட்டுப் போனா நேரா பசிபிக்லதான் விடும்.

தண்ணி விளிம்புல ஒரு குச்சி நட்டு வச்சேன். மதியம் மழை விட்டுச்சு, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு சாண் இறங்கிடுச்சு, மறுநாள் காலைல முழங்கால் அளவு. சின்ன ஓடை வேகமா ஏறும், அதே மாதிரி வேகமா வடியும், அதுதான் இதுல ஒரே நல்ல விஷயம். பேக்கோட இடுப்பு பெல்ட்டைக் கழட்டி விட்டுட்டு, விழுந்தா பேக்கை உதறிடலாம்னு, மூணு பேரும் தோளைப் பிடிச்சுக்கிட்டு தாண்டினோம். அப்புறம் லோ டைட்டுக்காக மதியம் வரைக்கும் காத்திருந்து இருட்டுறதுக்குள்ள கிட்செல் க்ரீக் சேர்ந்தோம். ஒரு நாள் சாப்பாடு கூடுதலா இருந்ததால தப்பிச்சோம். சாப்பாடெல்லாம் கரடி திறக்க முடியாத டப்பாலதான் வைக்கணும், அங்க அது கட்டாயம், அதனால டப்பா சைஸையும் யோசிச்சு வாங்குங்க.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. ஆறு பேருக்கு பர்மிட் எடுத்தேன், முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மூணு பேர் "சாரி ப்ரோ"ன்னு மெசேஜ் போட்டாங்க. ஆஃப் சீசன்ல ஒரு நாளைக்கு 30 பேருக்குத்தான் பர்மிட், சீசன்ல 60. அவங்க வரமாட்டாங்கன்னா அந்த இடத்துல வேற யாரோ போயிருப்பாங்கல்ல? கூப்பிட்டப்பவே முடியாதுன்னு சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

மூணே நாள்தான்னா டிசம்பர் வேணாம். ரெண்டு நாள் கூடுதல் லீவு, கூடுதல் சாப்பாடு, சிக்னல் இல்லாத இடத்துல இருந்தும் மெசேஜ் அனுப்புற ஒரு சாட்டிலைட் மெசஞ்சர், இதெல்லாம் இருந்து ஃபோர்காஸ்ட்லயும் மழை இல்லேன்னா போங்க. இல்ல, செப்டம்பர் 15க்கு அப்புறம், பெரிய மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பாருங்க, அதுவும் ஆஃப் சீசன்தான், ஓடையெல்லாம் கணுக்கால் அளவுதான் இருக்கும்.