கையில் காசு குறைவு, நாள் நிறைய!

கே: குறைந்த செலவில் ஊர் சுற்றுவது என்றாலே உடம்பை வருத்திக்கொள்வதுதானா? – வாசகர், திண்டுக்கல்

ப: மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்தால் அப்படித்தான் ஆகும். சாப்பாடு, தண்ணீர், தூக்கம் மூன்றிலும் கை வைக்காதீர்கள். வண்டிச் செலவையும் அறை வாடகையையும் குறையுங்கள். இரவு 9 மணிக்குமேல் கிளம்பி விடிந்தபின் போய்ச் சேரும் ஸ்லீப்பர் ரயில், ஓர் இரவு வாடகையை மிச்சமாக்கும். அதற்காக வரிசையாக மூன்று இரவு ரயிலிலேயே படுத்தால், நாலாம் நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தெம்பிருக்காது. ஆட்டோ ஆட்டோவாகப் பிடிப்பீர்கள். பை 7 கிலோவைத் தாண்டினாலும் இதே கதைதான்.

கே: சென்னையிலிருந்து புவனேசுவரம், கொல்கத்தா, காசி, நாக்பூர் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. தனித்தனியாக டிக்கெட் எடுப்பது கட்டுப்படியாகுமா? – வாசகி, ஆவடி

ப: கட்டுப்படியாகாது. ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான விலை இறங்கும். துண்டு துண்டாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் மேல் விலையிலிருந்து தொடங்குகிறீர்கள். உங்களுக்கு ஏற்றது சர்க்குலர் டிக்கெட், அதாவது பல ஊர்களைச் சுற்றிவர ஒரே பயணச்சீட்டு. கிளம்பிய ஸ்டேஷனிலேயே பயணம் முடிய வேண்டும். வழியில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கலாம். மொத்தம் 4,400 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 2,200 கி.மீ. டிக்கெட் இரண்டுக்கான கட்டணம்தான்.

இறங்கும் ஊர்களை வரிசைப்படி எழுதி ரயில்வே கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் கட்டணம் கணக்கிட்டுத் தரும் படிவத்தைக் காட்டி, கிளம்பும் ஸ்டேஷன் கவுன்டரில் டிக்கெட் வாங்க வேண்டும். பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இது பயணச்சீட்டுதான், படுக்கை இன்னும் கிடைக்கவில்லை! அதே டிக்கெட்டோடு முன்பதிவு கவுன்டருக்குப் போய் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் போடுங்கள். முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் தனி. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் கடைசிக் கட்டத்தின் தேதியையும் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கே: விடிகாலை 5 மணிக்குப் போய் இறங்கினால் லாட்ஜில் ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கேட்கிறார்களே? – வாசகர், கரூர்

ப: பகல் 12 மணிக்கு நாள் மாறும் லாட்ஜ்களில் அப்படித்தான். அதுவரை அறையே எடுக்காதீர்கள். ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் குளித்துவிட்டு, பையை கிளோக் ரூமில் போடுங்கள். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். சின்னப் பூட்டு ஒன்று கையோடு இருக்கட்டும். படுத்தே ஆக வேண்டுமென்றால் ரயில்வே ஓய்வறையின் டார்மிட்டரி (பலருக்கும் பொதுவான படுக்கைக் கூடம்) உண்டு. உறுதியான டிக்கெட் அல்லது ஆர்ஏசி (உட்கார மட்டும் இடம் உறுதியான) டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் 12 மணி நேரத்துக்குக்கூடப் பதிவு செய்யலாம்.