டிபி மாத்திரை என்ஸைமை அடைக்கும்னா என் லிவர் என்னாகும் டாக்டர்?

லேப்ல டிபி கிருமியைக் கொன்ன ஏதோ ஒரு புது 'என்ஸைம் இன்ஹிபிட்டர்' (உடம்புல வேதி வேலைகளை நடத்தற புரதம்தான் என்ஸைம், அதை அடைக்கற மருந்து இன்ஹிபிட்டர்) பத்தி நெட்ல படிச்சுட்டு, மூணு வாரமா சாப்பிடற டிபி மாத்திரையை நிறுத்திட்டு புது மருந்து வர்ற வரைக்கும் காத்திருக்கலாமான்னு கேக்கறீங்க. கூடவே கூடாது. பாதியில விட்டா மருந்துக்கு மசியாத டிபியா திரும்பி வரலாம்.

டிபிக்கு 1952லேர்ந்து கொடுக்கற ஐசோநையாசிட் மருந்தே இன்ஹிபிட்டர்தாங்க. கிருமி தன் சுவருக்கு மைக்கோலிக் ஆசிட் செய்யுதே, அந்த வேலையில இருக்கற ஒரு என்ஸைமைத்தான் அது அடைக்குது, நம்ம உடம்புல மைக்கோலிக் ஆசிட்டே கிடையாது. லிவருக்கு வர்ற தொந்தரவு வேற வழியா வருது, லிவர் அந்த மருந்தை உடைக்கும்போது உண்டாகற பொருள்களால. அதனாலதான் லேப்ல கிருமி செத்துச்சுன்னு மட்டும் பார்த்து யாரும் குதிக்கறதில்ல. எவ்வளவு டோஸ்ல கிருமி அடங்குது, எவ்வளவுல மனுஷ லிவர் செல் சாகுது, ரெண்டுக்கும் நடுவுல போதுமான இடைவெளி இருக்கான்னு பார்ப்பாங்க, இதயத்துக்கு ஆபத்தான்னு பார்ப்பாங்க, அப்புறம் விலங்கு, அப்புறம் மனுஷங்க, இதுல நடுவழியிலேயே விழற மருந்துதான் அதிகம். 2012ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின பெடாக்குவிலின்ங்கற டிபி மருந்தையே இன்னிக்கும் ஈசிஜி பார்த்துட்டுத்தான் கொடுக்கறோம். நீங்க படிச்சது லேப் தட்டுல கிருமியைக் கொன்ன கதை, அதுக்காகக் கையில இருக்கற மாத்திரையை விடுவாங்களா?

யூரின் ஆரஞ்சா போறது ரிஃபாம்பிசின்ங்கற டிபி மருந்தோட சாயம், விடுங்க. லேசான மூட்டு வலிக்கு பைராசினமைடுங்கற இன்னொரு டிபி மருந்து காரணமா இருக்கலாம், அடுத்த விசிட்ல சொன்னா போதும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், நிக்காத வாந்தி, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, காரணமில்லாத அசதி. யூரின் நிறத்தை வச்சு மஞ்சக்காமாலையைக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க, ரிஃபாம்பிசின் அதைக் குழப்பிடும். பகல் வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி நின்னு கீழ் இமையை இழுத்துட்டு மேல பாருங்க, கண்ணோட வெள்ளைப் பகுதி மஞ்சளா இருக்கா? இதுல எது வந்தாலும் அடுத்த டோஸைப் போடாம அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, லிவர் டெஸ்ட்ல ஏஎல்டி (லிவர் செல் பாதிச்சா ரத்தத்துல ஏறற என்ஸைம்) நார்மலைவிட மூணு மடங்கு ஏறியிருந்து இந்த மாதிரி அறிகுறியும் இருந்தா நாங்களே நிறுத்தி, அடங்கினதும் ஒவ்வொண்ணா திரும்ப ஆரம்பிப்போம்.

யாரோ சொன்னாங்கன்னு வாங்கின அந்த லிவர் டானிக்கைத் தூக்கிப் போடுங்க, அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. குடிக்கற பழக்கம் இருந்தா கோர்ஸ் முடியற வரைக்கும் தொடவே தொடாதீங்க.